கெடில்ஸ்டன் மாளிகை

நுழையும்முன்

ஒரு வீட்டைக் கட்டுவோர் குடியிருப்பதற்காகக் கட்டுவர். பிறர் வந்து பார்ப்பதற்கென்றே ஒரு வீடு கட்டப்பட்டால் அதன் வடிவம் எவ்வாறு இருக்கும்? அத்தகைய வீடு காலத்தால் அழியாமல் காக்கப்பட வேண்டுமெனில், காக்கப்பட வேண்டியது எது? அதன் கல்லா, அதைச் சூழ்ந்த நிலமா, அதனோடு பிணைந்த வரலாறா? இங்கிலாந்தின் நடுப்பகுதியில் உள்ள ஒரு மாளிகையின் கட்டடக் கலையும் வரலாறும் இவ்வினாக்களை எழுப்புகின்றன. அம்மாளிகையின் வரலாறு கொல்கத்தா வழியாக நம் நாட்டின் தொல்சின்னங்கள் வரை நீள்கிறது.

ஊரை அகற்றி எழுந்த மாளிகை

இங்கிலாந்தின் டார்பி நகருக்கு வடமேற்கே ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ளது கெடில்ஸ்டன். அங்குள்ள நிலங்கள் 12ஆம் நூற்றாண்டு முதல் கர்சன் குடும்பத்தாரின் உடைமையாக இருந்து வந்தன. 1758ஆம் ஆண்டு அவ்வுடைமை நத்தானியேல் கர்சன் என்பவரின் கைக்கு வந்தது. அப்போது அவர் முப்பதுகளின் தொடக்கத்தில் இருந்தார். ஓவியங்களிலும் சிற்பங்களிலும் தீராத வேட்கை கொண்டிருந்த அவர், தம் முன்னோர் வாழ்ந்த செங்கல் வீட்டை இடித்துவிட்டுப் புதியதொரு மாளிகையை எழுப்ப முடிவு செய்தார். அவ்வீடு பாழடைந்த பழம்வீடன்று. கட்டி அறுபது ஆண்டுகள்கூட ஆகியிராத நல்ல வீடு.

அவ்வாறாயின் அதனை இடித்தது ஏன்? காரணம் அதே மாவட்டத்தில் இருந்தது. டெவன்ஷயர் கோமகன்களின் சாட்ஸ்வொர்த் மாளிகை டார்பிஷயரில் எவரும் வியக்கும்படி நின்றது. அவர்கள் விக் கட்சியின் தூண்கள். கர்சன் குடும்பத்தார் டோரி கட்சியினர். அக்காலத்தில் ஒரு மாவட்டத்தின் அரசியல் செல்வாக்கு, அம்மாவட்டப் பெருநிலக்கிழாரின் வீட்டு வாயிலிலேயே அளக்கப்பட்டது. எனவே நத்தானியேலின் மாளிகை ஓர் அரசியல் அறிவிப்பாகவும் இருந்தது. 1761இல் அவர் ஸ்கார்ஸ்டேல் பிரபு என்னும் பட்டத்தையும் பெற்றார்.

மாளிகைக்கு முன் பரந்த புல்வெளியும் நீர்நிலையும் வேண்டியிருந்தன. அவற்றுக்கு இடையூறாகக் கெடில்ஸ்டன் என்னும் சிற்றூரே இருந்தது. குடிகள் பார்வைக்கு எட்டாத இடத்திற்கு அகற்றப்பட்டனர், வீடுகள் தரைமட்டமாயின, ஊர் வழியாகச் சென்ற பெருவழி திசை திருப்பப்பட்டது, ஓடையைத் தேக்கி ஏரி உண்டாக்கப்பட்டது. ஊரில் எஞ்சியது இடைக்காலத்தைச் சேர்ந்த தேவாலயம் ஒன்றே. இன்று மாளிகையின் பக்கவாட்டில், அதனோடு ஒட்டினாற்போல அத்தேவாலயம் நிற்கிறது. ஊரில்லாத இடத்தில் ஊர்க்கோயில் நிற்பதைக் காண்போர் முதலில் வியப்படைவர்; காரணத்தை அறிந்தபின் அவ்வியப்பு வேறொன்றாக மாறும். 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இவ்வாறு இடம்பெயர்க்கப்பட்ட ஊர் இது ஒன்று மட்டுமன்று.

ஜார்ஜியக் கட்டடக் கலை

1714 முதல் 1830 வரை பிரித்தானிய அரியணையில் ஜார்ஜ் என்னும் பெயருடைய நால்வர் அடுத்தடுத்து அமர்ந்தனர். அக்காலத்துக் கட்டடக் கலையே ஜார்ஜியக் கட்டடக் கலை எனப்படுகிறது. சமச்சீரும் அளவொழுங்கும் அதன் உயிர்நிலை. முகப்பின் நடுவே ஒரு கோடு வரைந்தால் இடப்பாதியும் வலப்பாதியும் ஒன்றையொன்று கண்ணாடிபோல் ஒத்திருக்கும். சாளரத்தின் உயரம், அகலம், சாளரங்களுக்கு இடைப்பட்ட சுவரின் அளவு ஆகிய யாவும் கணக்குக்கு உட்பட்டவை.

இக்கணக்கின் ஊற்று இத்தாலியில் உள்ளது. 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அந்திரேயா பல்லாடியோ என்னும் கட்டடக் கலைஞர், பண்டை உரோமானியரின் இடிபாடுகளை அளந்து ஆராய்ந்து, அவற்றின் இலக்கணத்தை 1570இல் நான்கு பகுதிகள் கொண்ட நூலாக வெளியிட்டார். 18ஆம் நூற்றாண்டில் அந்நூல் ஆங்கிலேயப் பிரபுக்களின் கைந்நூலாயிற்று. கெடில்ஸ்டனின் அடிப்படை வரைபடமும் அதிலிருந்தே பிறந்தது. நடுவே ஒரு பெரும் கட்டடம், நான்கு மூலைகளிலும் நான்கு சிறு மாளிகைகள், அவற்றை நடுக்கட்டடத்துடன் இணைக்கும் வில்வளைவான தாழ்வாரங்கள். பல்லாடியோ வரைந்தும் கட்டப்படாமலே நின்றுபோன மாளிகை ஒன்றின் திட்டம் அது.

சென்னையில் உள்ள ராஜாஜி மண்டபத்தைக் கண்டோர்க்கு இக்கலையின் சாயல் புதிதன்று. உயர்ந்த படிக்கட்டு, அதற்கு மேல் தூண்வரிசை, பண்டைக் கிரேக்கக் கோயிலை நினைவூட்டும் முகப்பு எனக் கிழக்கிந்தியக் கம்பெனியார் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய அம்மண்டபமும் இதே மரபின் வழித்தோன்றல்தான்.

மூவர் கைவண்ணம்

கெடில்ஸ்டனை ஒருவர் கட்டவில்லை. முதலில் அமர்த்தப்பட்டவர் மேத்யூ பிரெட்டிங்ஹாம். குடும்பத்தார் வாழ்வதற்கான வடகிழக்குச் சிறுமாளிகையை அவர் எழுப்பினார். பின்னர் வந்த ஜேம்ஸ் பெயின், சமையற்கூடம் அமைந்த வடமேற்குப் பகுதியையும் நடுக்கட்டடத்தின் வடமுகப்பையும் மேற்கொண்டார். அந்நிலையில் இத்தாலியிலிருந்து திரும்பியிருந்த ராபர்ட் ஆடம் என்னும் ஸ்காட்லாந்து இளைஞரை நத்தானியேல் சந்தித்தார். பூங்காவில் அமையவேண்டிய சிறு கட்டடங்களுக்கான பணியே முதலில் ஆடமிடம் ஒப்படைக்கப்பட்டது. 1760க்குள் முழுப்பொறுப்பும் அவருக்கே வந்துவிட்டது. முன்னிருவருக்கும் இது இழப்பே. எனினும், மூத்தோர் இட்ட அடித்தளத்தை ஆடம் அழிக்கவில்லை. வடமுகப்பைப் பெரும்பாலும் பெயின் வகுத்தவாறே விட்டுவிட்டு, தம் முத்திரையைத் தென்முகப்பிலும் உள்ளறைகளிலும் பதித்தார்.

வடமுகப்பு கம்பீரமானது. ஆறு கொரிந்தியத் தூண்கள் முக்கோண முகட்டைத் தாங்க, இருபுறமும் தாழ்வாரங்கள் கைகளைப்போல் வளைந்து சிறுமாளிகைகளைப் பற்றி நிற்கின்றன. முன்வாயிலுக்கு வருவோரை அணைக்க நீட்டிய கைகள் என்றும் கூறலாம். இவ்வளவு பெரியவன் நான் என்று காட்ட விரித்த கைகள் என்றும் கூறலாம். தென்முகப்போ முற்றிலும் வேறு. உரோமில் உள்ள கான்ஸ்டன்டைன் பேரரசரின் வெற்றி வளைவை ஆடம் அங்கே வீட்டு முகப்பாக மாற்றினார். சுவரிலிருந்து விலகி முன்னே நிற்கும் நான்கு தூண்கள், அவற்றின் தலைமேல் சிலைகள், பின்னே தாழ்ந்தெழும் குவிமாடம், தோட்டத்தை நோக்கி இருபுறமும் வளைந்திறங்கும் படிக்கட்டுகள். கட்டடம் அசையாப் பொருள். ஆயினும் முன்வருதலும் பின்வாங்குதலும் ஏறுதலும் இறங்குதலும் அமைந்தால் அதில் ஓர் அசைவு தோன்றும் என்பது ஆடமின் கொள்கை. அக்கொள்கைக்குக் கெடில்ஸ்டனின் தென்முகப்பைவிடச் சிறந்த சான்று அவருடைய பணிகளிலேயே அரிது.

திட்டமிட்ட நான்கு சிறுமாளிகைகளில் வடக்கில் இரண்டு மட்டுமே எழுந்தன. தெற்கில் எழவேண்டிய இரண்டும் பணமின்மையால் வரைபடத்திலேயே தங்கிவிட்டன. தென்முகப்பின் அழகு தடையின்றித் தெரிவதற்கு இக்குறைபாடே காரணமாயிற்று.

மாளிகையினுள்

முன்வாயிலைக் கடந்ததும் விரிவது சலவைக்கல் மண்டபம். இரு பக்கங்களிலும் வரிசையாக இருபது தூண்கள் நிற்கின்றன. ஒவ்வொன்றும் 25 அடி உயரம். இளஞ்சிவப்பும் பச்சையும் கலந்த வரிகள் ஓடும் இத்தூண்கள் இத்தாலியிலிருந்து கொண்டுவரப்பட்டவையல்ல. அண்டை மாவட்டமான நாட்டிங்ஹாம்ஷயரில் கிடைத்த அலபாஸ்டர் என்னும் மென்கல்லால் ஆனவை. உரோமின் வடிவத்தை உள்ளூர்க் கல்லில் வடித்திருப்பதே இம்மண்டபத்தின் தனிச்சிறப்பு. இதன் பக்கச் சுவர்களில் சாளரங்கள் இல்லை. ஒளி முழுவதும் கூரையிலுள்ள திறப்புகளின் வழியே இறங்குகிறது. பண்டை உரோமானியர் இல்லத்தின் நடுமுற்றத்தை நினைவில் கொண்டு ஆடம் இவ்வாறு அமைத்தார். நம் நாட்டு முற்றம் வைத்த வீடுகளில் வாழ்ந்தோர்க்கு இவ்வொளியின் இயல்பு எளிதில் விளங்கும்.

மண்டபத்தைத் தாண்டியதும் வட்ட வடிவப் பேரறை. உரோமின் பாந்தியன் கோயிலே இதற்கு முன்மாதிரி. விட்டம் 42 அடி. குவிமாடத்தின் உச்சி 62 அடி. சுவரில் நான்கு மாடக்குழிகள். அவற்றில் பண்டை வழிபாட்டுப் பீடங்கள்போல் தோன்றுபவை உண்மையில் அறையைச் சூடேற்றும் இரும்பு அடுப்புகள். இங்கிலாந்தின் குளிரில் உரோமானியக் கோயிலைக் கட்டியவர்க்கு அடுப்பை எங்கு மறைப்பது என்பதும் கலைச் சிக்கலாயிற்று போலும்!

இவ்விரண்டையும் சூழ்ந்து இசையறை, வரவேற்பறை, நூலகம், உணவுக்கூடம், விருந்தினர் படுக்கையறை ஆகியன அமைந்துள்ளன. கூரையின் சுதைவேலை, தரைக் கம்பளத்தின் பூவேலை, கதவின் கைப்பிடி, சுவரில் எந்த ஓவியம் எங்கே தொங்க வேண்டும் என்பது வரை ஆடமின் வரைதாள்கள் வகுத்துரைத்தன. ஓர் அறையை நான்கு சுவர்களாகக் காணாமல், கூரை முதல் கைப்பிடி வரை ஒரே பொருளாகக் கண்டதே அவர் இக்கலைக்கு அளித்த கொடை. படுக்கையறைக் கட்டிலின் கால்கள் பனைவகை மரங்களாகச் செதுக்கப்பட்டு, வேர் தரையிலும் ஓலை விதானத்திலும் படிய நிற்கின்றன. வரவேற்பறையின் பொன்முலாம் பூசிய நீள்இருக்கைகளைக் கடல்மாந்தர் உருவங்கள் தாங்குகின்றன.

இவ்வறைகள் எதிலும் கர்சன் குடும்பத்தார் நாள்தோறும் வாழவில்லை. அவர்கள் வாழ்ந்தது வடகிழக்குச் சிறுமாளிகையில். நடுக்கட்டடம் விருந்தினர்க்கும் காணவருவோர்க்கும் உரியதாகவே இருந்தது. காணவருவோர் பலர் முன்பின் அறியாதவர்கள். நன்கு உடையணிந்தவர்கள் மாளிகையைச் சுற்றிப் பார்க்க அனுமதிக்கப்பட்டனர். ஓவியங்களையும் சிலைகளையும் விளக்கும் பட்டியல் நூல் ஒன்று 1769இலேயே அச்சாயிற்று. வீட்டு மேலாளராக நெடுங்காலம் பணியாற்றிய திருமதி கார்னெட் என்னும் அம்மையார், கையில் அந்நூலுடன் வந்தவர்களை அறை அறையாக அழைத்துச் சென்று விளக்கினார். அவ்வம்மையாரின் உருவப்படம் பட்டியல் நூல் ஏந்திய நிலையிலேயே தீட்டப்பட்டுள்ளது. பிரபுக்களின் படங்கள் நிறைந்த வீட்டில் ஒரு பணியாளரின் முகமும் இடம்பெற்றது சிறிய செய்தியன்று.

1777இல் அகராதி ஆசிரியர் சாமுவேல் ஜான்சன் தம் நண்பர் பாஸ்வெலுடன் வந்து பார்த்தார். பாஸ்வெல் மயங்கிப் போனார், ஜான்சன் மயங்கவில்லை. ஊர் மன்றமாக இருந்தால் இக்கட்டடம் மிகப் பொருந்தும் என்றும், தூண்மண்டபத்தில் நீதிபதிகளையும் வட்ட அறையில் நடுவர் குழுவினரையும் அமர்த்தலாம் என்றும் அவர் எள்ளி நகைத்தார். எள்ளலாயினும் கூர்மையான திறனாய்வு அது. வீடு என்னும் பெயரில் எழுந்தது ஒரு பொதுக்கட்டடம் என்பதை அவர் ஒரு பார்வையில் கண்டுகொண்டார். அவர் கூறியது ஏறத்தாழக் கால் நூற்றாண்டில் வேறொரு கண்டத்தில் மெய்யாயிற்று.

ஹூக்ளிக் கரையில் ஒரு கெடில்ஸ்டன்

1798இல் இந்தியத் தலைமை ஆளுநராகப் பொறுப்பேற்ற வெல்லெஸ்லி பிரபு, கொல்கத்தாவில் தமக்கு ஏற்ற உறைவிடம் இல்லை எனக் கருதினார். இந்தியாவை வணிகரின் கணக்கறையிலிருந்து அன்று, அரண்மனையிலிருந்தே ஆள வேண்டும் என்பது அவர் எண்ணம். பொறியாளர் சார்லஸ் வயாட் கெடில்ஸ்டனின் வரைபடத்தைத் தழுவி ஒரு மாளிகையைத் திட்டமிட்டார். 1799இல் தொடங்கிய பணி 1803இல் முடிந்தது. செலவைக் கேட்டு இலண்டனிலிருந்த கம்பெனி இயக்குநர்கள் கொதித்தனர். 1805இல் வெல்லெஸ்லி திரும்ப அழைக்கப்பட்டார்.

கெடில்ஸ்டனில் இரண்டு மட்டுமே எழுந்த நான்கு சிறுமாளிகைகளும் கொல்கத்தாவில் முழுமை பெற்றன. கல்லுக்கு மாறாகச் செங்கல்லும் சுண்ணச்சாந்தும் பயன்பட்டன. வடிவம் ஒன்றாயினும் வேலை வேறாயிற்று. டார்பிஷயரில் கைகளை விரித்து நின்ற வரைபடம், வங்கத்தின் வெப்பத்தில் நாற்றிசைக் காற்றையும் உள்வாங்கும் உத்தியாகப் பயன்பட்டது. ஒரு மாவட்டத்தில் போட்டியாளரை வெல்ல வரையப்பட்ட திட்டம், ஒரு நாட்டையே ஆளும் அதிகாரத்தின் முகமாகவும் மாறியது. இன்று அக்கட்டடம் மேற்கு வங்க ஆளுநரின் உறைவிடமாக விளங்குகிறது.

1859இல் கெடில்ஸ்டனில் பிறந்த ஜார்ஜ் நத்தானியேல் கர்சன், நாற்பதாம் வயதில் இந்தியாவின் அரசப் பிரதிநிதியாகக் கொல்கத்தா வந்தபோது, தாம் பிறந்த வீட்டின் சாயலிலேயே குடிபுகுந்தார். 1905இல் வங்கத்தைப் பிரித்து மக்களின் கடும் எதிர்ப்புக்கு ஆளான கர்சன் இவரே. இவரிடம் மற்றொரு முகமும் உண்டு. சிதைந்து கிடந்த தொல்சின்னங்களைக் காப்பது அரசின் கடமை என வலியுறுத்தி, தொல்லியல் துறைக்கு 1902இல் ஜான் மார்ஷலைத் தலைமை இயக்குநராக அமர்த்தினார். 1904இல் தொல்சின்னங்கள் பாதுகாப்புச் சட்டம் இவருடைய ஆட்சியில் நிறைவேறியது. தமிழகக் கோயில்களும் கோட்டைகளும் உள்ளிட்ட இந்தியச் சின்னங்கள் பல, ‘பாதுகாக்கப்பட்ட சின்னம்’ என்னும் நிலையை இச்சட்டத்தின் வழியே முதலில் பெற்றன. 1958ஆம் ஆண்டுச் சட்டம் இதன் தொடர்ச்சியே.

தாயகம் திரும்பிய கர்சன் அங்கும் இதனைத் தொடர்ந்தார். டாட்டர்ஷால் என்னும் இடைக்காலக் கோட்டையின் கணப்புச் சுவர்கள் பெயர்த்து விற்கப்பட்டபோது, 1911இல் கோட்டையைத் தாமே வாங்கி, அக்கணப்புகளையும் மீட்டார். இந்நிகழ்வு எழுப்பிய கவலை 1913ஆம் ஆண்டுப் பிரித்தானியச் சட்டத்திற்கு வழிவகுத்தது. அச்சட்டமோ மக்கள் குடியிருக்கும் வீடுகளைத் தொடவில்லை. அதாவது, கர்சன் பிறந்த வீட்டிற்கே அச்சட்டத்தால் காப்பு இல்லை.

காப்பும் வழக்கும்

காப்பில்லாமையின் விளைவு விரைவில் தெரிந்தது. மரணவரி, வேலையாட்களின் குறைவு, நிலவருவாயின் வீழ்ச்சி ஆகியவற்றால் 20ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் நாட்டுப்புற மாளிகைகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை இடிக்கப்பட்டன. 1944, 1947ஆம் ஆண்டுகளின் நகர்-ஊர்த் திட்டமிடல் சட்டங்களால்தான் குடியிருக்கும் கட்டடங்களும் அரசின் காப்புப் பட்டியலில் இடம்பெறும் முறை உருவாயிற்று. இன்று கெடில்ஸ்டன் அப்பட்டியலின் முதல் தரத்தில் உள்ளது. பட்டியலிட்ட கட்டடங்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 2.5 மட்டுமே அத்தரத்தைச் சேர்ந்தவை.

பட்டியலில் ஏறினால் இடிக்கக் கூடாது என்பது உறுதியாகும். கூரை ஒழுகினால் யார் செலவழிப்பது என்பதைப் பட்டியல் சொல்லாது. 1977இல் உரிமையாளர் இறந்ததும் பெருந்தொகை வரியாகச் செலுத்த நேர்ந்தது. மாளிகையை அரசுடன் பேசி ஒப்படைக்கக் குடும்பத்தார் முயன்றனர். 1985இல் மூன்று மாளிகைகளைக் காக்க அரசு இரண்டரைக் கோடி பவுண்டு ஒதுக்கியது. கெடில்ஸ்டன் அவற்றுள் ஒன்று. 1987இல் அது தேசிய அறக்கட்டளையின் உடைமையாயிற்று. குடும்பத்தார் இன்றும் ஒரு பகுதியில் வாழ்கின்றனர்.

கீழ்த்தளத்தில் ‘கிழக்கத்திய அருங்காட்சியகம்’ உள்ளது. கர்சன் ஆசிய நாடுகளில் திரட்டியவையும் பரிசாகப் பெற்றவையும் அங்கே வைக்கப்பட்டுள்ளன. 1903 தில்லி தர்பாரின்போது அவர் துணைவியார் அணிந்த மயில் ஆடை அவற்றுள் புகழ்பெற்றது. பொன்னிழையும் வண்டுச் சிறகும் கொண்டு தில்லிக் கைவினைஞர் பின்னிய துணி, பாரிசில் ஆடையாகத் தைக்கப்பட்டது. ஆடையின் அழகு ஐயத்துக்கு இடமற்றது. பஞ்சத்தால் இந்தியா நைந்திருந்த ஆண்டுகளை அடுத்து நிகழ்ந்த ஆடம்பர விழா அது என்பதும் ஐயத்துக்கு இடமற்றது. மாளிகையைக் காப்போர் இவ்விரு செய்திகளையும் சேர்த்தே காக்க வேண்டியவராகின்றனர்.

மாளிகையின் எல்லை எதுவரை என்னும் வினா அண்மையில் நீதிமன்றம் ஏறியது. மாளிகையிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் அப்பால், முன்பு கெடில்ஸ்டன் பண்ணை நிலமாக இருந்த இடத்தில் நூற்றுக்கணக்கான வீடுகள் கட்ட அனுமதி அளிக்கப்பட்டது. டார்பி நகரம் விரிவடைந்தபோது அது மாளிகையின் பார்வையில் படாதிருக்க 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மரவரிசை ஒன்று வளர்க்கப்பட்டிருந்தது. மரங்கள் மறைப்பதால் புதிய வீடுகள் மாளிகையிலிருந்து தெரியமாட்டா. தெரியாத ஒன்று மாளிகையின் ‘சூழலை’க் கெடுக்குமா? சூழல் என்பது கண்ணுக்குப் புலப்படும் உறவு மட்டுமன்று, வரலாற்று உறவும் அதில் அடங்கும் என எதிர்த்தோர் வாதிட்டனர். அதனை ஏற்று 2017இல் உயர் நீதிமன்றம் அனுமதியை நீக்கியது. மறு ஆண்டே மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. வரலாற்று உறவையும் கருதலாம். ஆயினும் அனுமதி வழங்கிய ஆய்வாளர் அதனைக் கருதாமல் விடவில்லை என்று கூறி அனுமதியை நிலைநிறுத்தியது.

வழக்கில் பேசப்பட்ட வரலாறு பண்ணை நிலத்தின் வரலாறு. ஏரிக்கும் புல்வெளிக்கும் இடம் விட்டு அகன்ற பழைய ஊரின் வீடுகள் எப்பட்டியலிலும் இல்லை. அவ்வூர்க் குடிகள் வழிபட்ட தேவாலயம் மாளிகையின் நிழலில் நிற்கிறது. அதனுள் கர்சனும் அவர் துணைவியாரும் அருகருகே துயில்வதுபோல் வெண்சலவைக்கல்லில் செதுக்கப்பட்டுள்ளனர்.